பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்

ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரே ஃபிலிமைப் பிடித்தால், முட்டிக்கு மேலே தொடை எலும்புக்குள் சாக்பீஸால் வளைத்து வளைத்துக் கோடு போட்டதுபோல் ஒரு வெள்ளை வரம்பு சிலருக்குத் தெரியும். ரத்தம் போகாமல் செத்துப்போன எலும்பின் எல்லை அது. ரிப்போர்ட்டில் ‘போன் இன்ஃபார்க்ட்’ என்றிருக்கும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆவதில்லை.

மிக அபூர்வமாக, பல வருடம் கழித்து, அந்த வரம்பிலேயே புற்றுநோய் கிளம்புகிறது. 1960லேயே மருத்துவ இதழில் பதிவான விஷயம்தான். செத்த இடத்தின் ஓரத்தை உடம்பு ஓயாமல் பழுதுபார்க்கிறதே, அந்த வேலைதான் தடம் புரள்கிறது என்று கருதுகிறார்கள்.

எலும்பு ஏன் சாகிறது? குடி ஒரு காரணம், சிக்கிள் செல் ரத்தசோகை இன்னொன்று. நம் பக்கம் அதிகம் கவலைப்பட வேண்டியது ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் மெடிக்கலில் ‘வலிக்கு நல்லா கேக்கும்’ என்று நாலு மாத்திரை மடித்துக் கொடுத்தால் வாங்கி வருகிறோம். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

சும்மா இருந்த இடம் வலிக்க ஆரம்பித்தால், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், வீங்கினால், உடனே படம் எடுக்க வேண்டும். ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் எலும்புக்குக் கட்டுப் போடும் புத்தூர் கட்டு போர்டைப் பார்த்ததும் கால் தானாக அங்கே திரும்பும். கட்டிக்கு எண்ணெய் போட்டு நீவுவது நேரத்தைத் தின்னும், கட்டியையும் கிளறும். சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸியைக்கூட, பிறகு ஆபரேஷன் செய்யப்போகும் ஆஸ்பத்திரியிலேயே செய்வது நல்லது. தப்பான இடத்தில் ஊசி போனால், காலைக் காப்பாற்றும் ஆபரேஷனே சிக்கலாகிவிடும். இதற்கு 1954லிருந்து இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையும் இருக்கிறது.

பணம்? தொழிற்பேட்டையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர், இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் சரியாக இருந்தால், புற்றுநோய்க்கு நீட்டித்த உதவித்தொகை கேட்கலாம்: தினக்கூலியில் 80 சதவீதம், அதிகபட்சம் 2 வருடம். அது இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும்.

சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள். பழைய எக்ஸ்ரே படத்தையும் பத்திரமாக வையுங்கள்; அது கையில் இருந்தால்தான், அந்த வெள்ளைக் கோடு எந்த இடத்தில் அரிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டர் அதையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.