தோற்றால் என்ன நடக்கும்?: 'சூப்பர் மாரியோ' விளையாட்டுகளை ஒப்பிட ஒரு வேறு அளவுகோல்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வீடியோ கேமை 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி வெளியிட்டது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த பின்னரும் அதன் வரிசையில் புதிய விளையாட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிவப்புத் தொப்பியும் மீசையும் கொண்ட பிளம்பர் ஒருவர் தாவுகிறார், ஆமைகளை மிதிக்கிறார், நாணயங்களைச் சேகரிக்கிறார், பெரும்பாலும் கடத்தப்பட்ட இளவரசி ஒருவரை மீட்கிறார். கதையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

ஆனால் இந்த வரிசையில் எது சிறந்தது என்ற விவாதம் ஓய்ந்ததே இல்லை. இரு பரிமாணத்தில் வந்தவையா, முப்பரிமாணத்தில் வந்தவையா என்று ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுவது வழக்கம். அந்தப் பிரிவினை எளிதானது. அதனால்தான் அது பல விஷயங்களை மறைத்தும் விடுகிறது. ஆட்டக்காரர் தோற்கும்போது ஒரு விளையாட்டு அவரை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியை வைத்துப் பார்த்தால், இந்த நாற்பது ஆண்டுக்கால மாற்றம் இன்னும் தெளிவாகப் புலப்படும். முதன்முறையாக விளையாடும் ஏழு வயதுக் குழந்தையும், விரல்களை வேகமாக அசைக்க இயலாத முதியவரும், காசு கொடுத்து வாங்கிய விளையாட்டின் இறுதிக் காட்சியைக் காண முடியுமா, முடியாதா என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

மூன்று உயிர்கள், 32 நிலைகள்

1985-இல் வந்த முதல் விளையாட்டில் எட்டு 'உலகங்கள்'. ஒவ்வொன்றிலும் நான்கு நிலைகள். ஆட்டக்காரருக்கு முதலில் மூன்று உயிர்கள் மட்டுமே வழங்கப்படும். நூறு நாணயங்கள் சேர்த்தால் கூடுதலாக ஓர் உயிர் கிடைக்கும். உயிர்கள் தீர்ந்தால் மீண்டும் முதல் நிலை. தோற்ற உலகத்தின் தொடக்கத்திலிருந்தே ஆட்டத்தைத் தொடர உதவும் ஒரு பொத்தான் சேர்க்கை உண்டு. ஆனால் திரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விளையாட்டைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. திரை வலப்புறம் மட்டுமே நகரும் என்பதால், விட்டுவந்த இடத்துக்குத் திரும்பவும் முடியாது. இவை போதாதென்று, ஒவ்வொரு நிலைக்கும் கால வரம்பும் இருந்தது.

இவ்வளவு கண்டிப்பான விளையாட்டு உலகெங்கும் நான்கு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றதற்குக் காரணம், அது தண்டிப்பதற்கு முன் கற்றுக் கொடுத்ததுதான். வடிவமைப்பாளர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கிய முதல் நிலையின் முதல் சில விநாடிகளே இதற்குச் சான்று. மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறார், வலப்புறம் வெட்டவெளி. எனவே எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறிது தூரத்தில் 'கூம்பா' என்ற காளான் வடிவ எதிரி நேரே நடந்து வருகிறது. அதன் மீது மோதினால் ஓர் உயிர் போகும். ஆனால் அதுவரை கடந்த தூரம் சில அடிகளே என்பதால் இழப்பு பெரிதல்ல. அடுத்த முறை தாவிப் பார்க்கும் எண்ணம் தானாகவே எழும். பின்னர் கேள்விக்குறி இட்ட பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிவந்து, குழாயில் மோதி, மாரியோவை நோக்கியே திரும்பி வருகிறது. மேலே கட்டைகள் இருப்பதால் அதைத் தாவித் தப்புவது கடினம். எதிரி என்று அஞ்சியவருக்கும் அது நன்மை தரும் பொருள் என்பது தெரிந்துவிடுகிறது. இத்தனையும் ஒரு வரி எழுத்துக்கூட இல்லாமல் நடக்கிறது.

மொத்த விளையாட்டும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இடத்தை மிச்சப்படுத்த, வானத்து மேகத்தின் வடிவத்தையே நிறம் மாற்றித் தரையில் புதராகப் பயன்படுத்தினார்கள். இந்தத் தகவலை அறிந்த பிறகு அந்தத் திரையைப் பழைய கண்களால் பார்க்க முடிவதில்லை.

ஒரே பெயரில் இரண்டு விளையாட்டுகள்

1986-இல் ஜப்பானில் வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2', முதல் விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர்களுக்காகவே செய்யப்பட்டது. தொட்டால் உயிரைப் பறிக்கும் நச்சுக் காளான், தாவும்போது தள்ளிவிடும் காற்று, ஆட்டக்காரரைப் பின்னோக்கி அனுப்பும் பொறி எனக் கற்றதையெல்லாம் பொய்யாக்குவதே அதன் வேலையாக இருந்தது. இது மிகக் கடினம் என்று கருதிய நிண்டெண்டோவின் அமெரிக்கப் பிரிவு, அங்கு அதை வெளியிடவில்லை.

அதற்குப் பதிலாக, 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறொரு ஜப்பானிய விளையாட்டின் பாத்திரங்களை மாற்றி, 1988-இல் அமெரிக்காவில் அதே '2' என்ற பெயரில் விற்றனர். அதில் எதிரியை மிதித்தால் சாகாது. தரையிலிருந்து காய்கறியைப் பிடுங்கி எறிய வேண்டும். ஆனாலும் அது ஓர் அரிய வாய்ப்பைத் தந்தது. நான்கு பாத்திரங்களில் ஒருவரை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கலாம். தாவும் தூரத்தைக் கணிக்கத் தெரியாதவர், காற்றில் சிறிது நேரம் மிதக்கக்கூடிய இளவரசி பீச்சைத் தேர்ந்தெடுத்தால் போதும். கடினத்தன்மையைப் பட்டியலிட்டுக் காட்டாமல், பாத்திரத் தேர்வுக்குள்ளேயே எளிய வழியை வைக்கும் உத்தி அங்குதான் தொடங்குகிறது. ஒட்டுப்போட்ட விளையாட்டு என்று இதை இன்றும் சிலர் இகழ்வதுண்டு. அது நியாயமான மதிப்பீடு அல்ல.

ஜப்பானிய '2' பின்னர் 1993-இல் 'தி லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில், ஒரு தொகுப்பின் பகுதியாகப் பிற நாடுகளைச் சென்றடைந்தது.

வரைபடமும் சேமிப்பும்

1988-இல் ஜப்பானிலும், 1990-இல் வட அமெரிக்காவிலும் வெளியான மூன்றாம் விளையாட்டில் உலக வரைபடம் அறிமுகமானது. சில இடங்களில் எந்த நிலையை ஆடுவது, எதைத் தவிர்ப்பது என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்யலாம். கிடைத்த பொருள்களைச் சேர்த்து வைத்து, கடினமான நிலைக்குள் நுழையும் முன் பயன்படுத்தலாம். வால் முளைத்துப் பறக்கும் மாரியோ, தவளை உடை அணிந்து நீந்தும் மாரியோ எனப் புதுமைகளுக்கும் குறைவில்லை. கற்பனை வளத்தில் இதை விஞ்சும் இரு பரிமாண விளையாட்டு இந்த வரிசையில் நெடுங்காலம் வரவில்லை என்றே சொல்ல வேண்டும். எனினும் சேமிக்கும் வசதி அதிலும் இல்லை. எட்டு உலகங்களையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். இல்லையேல் உலகம் தாண்ட உதவும் மாய ஊதலைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்தக் குறையை 1990-இல் வந்த 'சூப்பர் மாரியோ வேர்ல்டு' தீர்த்தது. குறிப்பிட்ட நிலைகளைக் கடந்ததும் விளையாட்டைச் சேமிக்கலாம். மாரியோ ஏறிச் செல்லும் யோஷி என்ற டைனோசர் அதில்தான் அறிமுகம். யோஷியின் மீது இருக்கும்போது அடிபட்டால் உயிர் போகாது. யோஷி ஓடிவிடும், அவ்வளவுதான். இதைவிட நுட்பமானது, நான்கு நிறங்களில் அமைந்த 'சுவிட்ச் அரண்மனை' ஏற்பாடு. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினால், பிற நிலைகளில் புள்ளிக்கோடுகளாக மட்டும் தெரிந்த கட்டைகள் திண்மை பெறும். பள்ளங்கள் மூடப்படும், உதவிப் பொருள்கள் கிடைக்கும். அதாவது, திறமை குறைந்தவர் ஆர்வத்தால் அதை ஈடு செய்யலாம். உதவி பெற்றோம் என்ற கூச்சமே எழாத வகையில் உதவி செய்யும் இந்த முறையை, பின்னர் வந்த விளையாட்டுகள் முழுமையாக எட்டவில்லை.

முப்பரிமாணம் தந்த புதிய தோல்வி

1996-இல் 'சூப்பர் மாரியோ 64' வந்தபோது விதிகள் தலைகீழாயின. ஒரே அடியில் சாகும் நிலை மாறி, எட்டுப் பிரிவுகள் கொண்ட உயிராற்றல் அளவி வந்தது. மொத்தம் 120 நட்சத்திரங்களில் 70 இருந்தாலே இறுதி எதிரியான பவுசரைச் சந்திக்கலாம். ஒன்றில் சிக்கிக்கொண்டால் வேறொன்றைத் தேடிப் போகலாம். விளையாட்டு தொடங்கும் இடமோ எதிரிகளே இல்லாத அரண்மனைத் தோட்டம். ஓடவும் தாவவும் மரமேறவும் அங்கு ஆற அமரப் பழகிக்கொள்ளலாம்.

ஆனால் அதுவரை இல்லாத ஒரு தடை முளைத்தது: கேமரா. பக்கவாட்டில் பார்க்கும்போது பள்ளத்தின் அகலம் கண்ணுக்குத் தெரியும். பின்னாலிருந்து பார்க்கும்போது ஆழத்தை ஊகிக்க வேண்டும். பார்வைக் கோணத்தையும் தானே திருப்ப வேண்டும். தாவத் தெரிந்தவர்களும் பார்க்கத் தெரியாததால் விழுந்தனர். 2002-இல் வந்த 'சூப்பர் மாரியோ சன்ஷைன்' முதுகில் நீர்ப்பீச்சியைப் பொருத்தி, தவறிய தாவலைக் காற்றிலேயே திருத்திக்கொள்ள வழி செய்தது. பின்னர் அதையே சில நிலைகளில் பறித்துக்கொண்டு வாட்டியது. அதில் 240 நீல நாணயங்களைத் தேடும் வேலை, விளையாட்டைவிடக் கணக்கெடுப்பையே ஒத்திருந்தது.

2007-இல் யோஷியாகி கோய்சுமி இயக்கிய 'சூப்பர் மாரியோ கேலக்ஸி' இதற்கு வியப்பூட்டும் விடை கண்டது. தளங்களைச் சிறு கோள்களாக மாற்றியது. உருண்டையின் மீது எத்திசையில் ஓடினாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். விளிம்பு இல்லாததால் பல இடங்களில் விழவும் வழியில்லை. கேமராவைத் திருப்ப வேண்டிய தேவையும் வெகுவாகக் குறைந்தது. முப்பரிமாண வரிசையின் உச்சம் எது என்று கேட்டால், பலர் இதையே சுட்டுவர்.

விற்பனைக் கணக்கோ வேறொன்றைச் சொல்கிறது. வீ கருவிக்காக வந்த 'கேலக்ஸி' சுமார் 1.28 கோடி பிரதிகள் விற்றது. அதே கருவிக்காக 2009-இல் பழைய பக்கவாட்டுப் பாணியில் வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ', மூன்று கோடிக்கும் மேல் விற்றது. கருவி ஒன்று, நாயகன் ஒருவர், இடைவெளி இரண்டு மடங்குக்கும் அதிகம். நால்வர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம் என்பது இதற்கு ஒரு காரணம். வலப்புறம் ஓடித் தாவினால் போதும் என்ற எளிமை, வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்தது இன்னொரு காரணம்.

எட்டு முறை தோற்றால் உதவி

அந்த 2009 விளையாட்டில்தான் நிண்டெண்டோ வெளிப்படையாக ஒரு முடிவெடுத்தது. ஒரே நிலையில் எட்டு முறை உயிரிழந்தால் ஒரு பச்சைப் பெட்டி தோன்றும். அதைத் தட்டினால் மாரியோவின் சகோதரர் லூய்ஜி அந்த நிலையைத் தானே ஆடிக் காட்டுவார். விரும்பிய இடத்தில் ஆட்டக்காரர் குறுக்கிட்டுத் தொடரலாம். 2011-இல் வந்த '3டி லேண்ட்', ஐந்து முறை தோற்றவருக்கு எதிரிகளால் தாக்க முடியாத உடையைத் தரும் இலையை வழங்கியது.

2017-இல் வந்த 'சூப்பர் மாரியோ ஒடிஸி' இன்னும் ஒரு படி மேலே சென்று, உயிர்களின் எண்ணிக்கை என்ற ஏற்பாட்டையே கைவிட்டது. தோற்றால் பத்து நாணயங்கள் குறையும், அத்துடன் சரி. உதவி முறையைத் தேர்ந்தெடுத்தால் வழிகாட்டும் அம்புக்குறிகள் தெரியும். பள்ளத்தில் விழுந்தால் குமிழி ஒன்று மேலே கொண்டுவந்து சேர்க்கும். 2023 அக்டோபர் 20 அன்று வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' கால வரம்பை நீக்கியது. யோஷி அல்லது நாபிட் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் எதிரிகளால் காயம் ஏற்படாது. பள்ளங்களுக்கு மட்டும் அஞ்ச வேண்டும். இணையவழியில் ஆடும்போது, உயிரிழந்தவர் வேறொரு ஆட்டக்காரரின் நிழலுருவைத் தொட்டால் மீண்டும் எழலாம்.

ஆபத்து இல்லாவிட்டால் தாவலுக்கு என்ன மதிப்பு என்பது பழைய ரசிகர்களின் மனக்குறை. அதை முற்றிலும் புறந்தள்ள முடியாது. ஒடிஸியில் பத்து நாணயங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால், தோல்வி சில வேளைகளில் வெறும் தாமதமாகவே உணரப்படுகிறது. ஆனால் கடினம் மறைந்துவிட்டது என்ற வாதம் தவறானது. அது வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்கு இடம் மாறியிருக்கிறது. '3டி வேர்ல்டு' விளையாட்டின் 'சாம்பியன்ஸ் ரோடு', ஒடிஸியில் நிலவின் 'டார்க்கர் சைடு' போன்ற இறுதிச் சோதனைகள் 1985-இன் எந்தக் கோட்டைக்கும் இளைத்தவை அல்ல. கதை முடிந்த பின்னர், விரும்பி வருவோருக்காக மட்டும் அவை காத்திருக்கின்றன.

இந்தியாவில் எங்கிருந்து தொடங்குவது?

இந்தியாவில் 1990-களில் வளர்ந்தவர்களில் பலருக்கு மாரியோ அறிமுகமானது நகல் கருவிகள் வழியாகத்தான். ஒரே 'கேசட்'டில் பல விளையாட்டுகள் திணிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் 1985-ஆம் ஆண்டு மாரியோவும் ஒன்றாக இருக்கும். அதன் பின்வந்த விளையாட்டுகள் இங்கு அந்த அளவுக்குப் பரவவில்லை. எனவே மாரியோ என்றாலே மூன்று உயிர்களும், முதலிலிருந்து தொடங்கும் எரிச்சலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவர்கள் தம் பிள்ளைகளுடன் மீண்டும் ஆட விரும்பினால் 'வொண்டர்' பொருத்தமான தொடக்கம். முப்பரிமாணத்தை முயல விரும்பினால் உதவி முறையுடன் 'ஒடிஸி'. தனிக் கருவி வாங்க விரும்பாதவர்களுக்கு, 2016 டிசம்பரில் ஐபோனிலும் 2017 மார்ச்சில் ஆண்ட்ராய்டிலும் வெளியான 'சூப்பர் மாரியோ ரன்' இருக்கிறது. அதில் மாரியோ தானாகவே ஓடுவார். ஒரு விரலால் தொட்டுத் தாவ வைத்தால் போதும். சில நிலைகள் மட்டுமே இலவசம்.

பழைய விளையாட்டையே தேடுவோருக்கும் வழி இருக்கிறது. நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் இணையச் சந்தாவில் 1985-ஆம் ஆண்டு மாரியோ மாற்றமின்றி அப்படியே கிடைக்கிறது. மூன்று உயிர்கள், கால வரம்பு, வலப்புறம் மட்டும் நகரும் திரை எல்லாம் முன்போலவே உள்ளன. ஆனால் அங்கும் இப்போது இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஆட்டம் பின்னோக்கிச் சுழலும். கூம்பா மீது மோதுவதற்கு முந்தைய விநாடியிலிருந்து மீண்டும் தாவலாம்.