போத்தலுக்குள் மழை
மழைக்காட்டுப் பள்ளிக்கூடம் – 7

கம்போங் ராஜாவில் வளரும் பிள்ளையிடம் காட்டை வரையச் சொன்னால், தேயிலைச் சரிவை வரைந்து கொடுக்கலாம். பச்சை, மேடு, மூட்டம் எல்லாம் இருக்கிறதே! அது ஒரே செடியின் அணிவகுப்பு என்று அதற்கு யார் சொன்னது? பக்கத்திலேயே, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயர பிரிஞ்சாங் மலையில், பாசி போர்த்திய குள்ள மரங்களும், மலாய்க்காரர்கள் குரங்குப் பானை என்னும் ‘பெரியோக் கெரா’ குடுவைச் செடியும் இருக்கின்றன. நாமோ வகுப்புச் சுவரில் தென்னமெரிக்க டூக்கான் படத்தை ஒட்டுகிறோம். நம் காட்டுப் பறவை இருவாச்சி.

இந்த வாரம் படம் வேண்டாம். வாயகன்ற ஊறுகாய்ப் போத்தல் ஒன்று போதும். அடியில் பொடிக்கற்கள், மேலே கொஞ்சம் கரித்துண்டு, அதன்மேல் மண். பாசியை லோங்காங் ஓரத்தில் சுரண்டிக்கொள்ளுங்கள். மலையிலிருந்து பிடுங்கி வரக் கூடாது. ஒரு சின்னப் பெரணியை நட்டு, மண் ஈரமாகும் அளவுக்குத் தெளித்து, இறுக மூடுங்கள். வெளிச்சமுள்ள, ஆனால் வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள்.

ஓரிரு நாளில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். துளிகள் திரண்டு மண்ணில் இறங்கும். ‘இதுதான் மழை’ என்று முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், டீச்சர். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே சண்டை போடட்டும். யாராவது ஒருவர் இலையைக் காட்டுவார்.

இது வகுப்பறைக்காகப் பிறந்த விளையாட்டல்ல. 1829-இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் மூடிவைத்தார். அவருடைய தோட்டத்தில் ஆலைப்புகையால் மாண்டுபோன பெரணி, அந்தப் போத்தலுக்குள் தானாக முளைத்தது! தண்ணீரே ஊற்றாமல் ஆண்டுக்கணக்கில் பிழைத்தது. அதைப் பார்த்து அவர் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். கடற்பயணத்தில் உப்புக்காற்றுக்குக் கருகிவந்த கன்றுகள் அவற்றுக்குள் உயிரோடு கரைசேர்ந்தன.

ராபர்ட் பார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது அந்தப் பெட்டிகளில்தான். 1876-இல் அமேசான் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. கன்றுகள் வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. பிறகு மலாயாவில் ரப்பர் பெருகப் பெருக, நம் பாட்டன் பூட்டன்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். இந்தக் கதையை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்று. கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் விடியற்காலையில் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, கூரையின் அடிப்புறத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வரட்டும்.

(அடுத்த வாரம்: சருகுக்கு அடியில் யார்?)