கொக்கோவும் எண்ணெயும்

ஒற்றுமை வேண்டுமென்று எல்லோரும் முழங்குகிறார்கள், தோழர்களே! பேரம் பேச உட்கார்ந்ததும், அவரவர் கப்பலில் ஏறும் சரக்குதான் முதலில் வாய் திறக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

பதினாறு நாடுகள் ஓரணியாக நின்று ஐரோப்பிய ஒன்றியத்தோடு பல்லாண்டு பேசின. ஐரோப்பா சொன்னது இது: உங்கள் சரக்கை வரியின்றி விடுகிறோம், எங்கள் சரக்கில் நூற்றுக்கு 75 பங்குக்கு, 20 ஆண்டுகளில் நீங்கள் சுங்கவரியை நீக்குங்கள். 2014-இல் பேச்சு முடிந்தது. ஆனால் நைஜீரியா கையெழுத்துப் போடவில்லை.

ஏன்? நைஜீரியா பெரும்பாலும் அனுப்புவது கச்சா எண்ணெய். அதற்கு ஐரோப்பா வரி கேட்பதே இல்லை. எண்ணெய் அவர்களுக்கு வேண்டுமே! ஆக, புதிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. இழப்பதோ உள்நாட்டு ஆலைகளின் சந்தை. மாலி, நைஜர் போன்ற மிக வறிய நாடுகளுக்கு 2001 முதலே, ஆயுதம் நீங்கலாக எல்லாவற்றுக்கும் வரிவிலக்கு உண்டு. அவர்களுக்கும் அவசரமில்லை.

மாட்டிக்கொண்டவை கானாவும் ஐவரி கோஸ்ட்டும். கொக்கோவைக் கொட்டையாக அனுப்பினால் வரி இல்லை. அதையே அரைத்து விழுதாகவோ வெண்ணெயாகவோ அனுப்பினால், ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரி! சொந்த நாட்டுத் தொழிலாளி ஆலையில் உழைத்ததற்குத் தண்டமா இது? வாழைப்பழத்துக்கும் டப்பாவில் அடைத்த சூரை மீனுக்கும் இதே கதிதான். இரு நாடுகளும் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டன. 2016-இல் அவை நடைமுறைக்கு வந்தன.

இதைத் துரோகம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், 2015-இல்தான் அந்த வட்டாரம் பொதுச் சுங்கவரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. இன்று ஐரோப்பியச் சரக்குக்குக் கானாவின் தேமா துறைமுகத்தில் ஒரு வரி, நைஜீரியாவின் லேகோஸில் வேறு வரி!

அதே கானாவும் ஐவரி கோஸ்ட்டும் கொக்கோ விலைக்காகக் கைகோத்ததையும் பாருங்கள். உலகக் கொக்கோவில் பாதிக்குமேல் விளைவிப்பவை இவ்விரண்டுந்தான். உழவன் வயிறு நிறைய, டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கொடு என்று 2019-இல் ஒரே குரலில் கேட்டன. அங்கே சரக்கு ஒன்று! வாங்கும் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 400 டாலரை ஒரு கையால் கொடுத்தன. அந்நாட்டுக் கொட்டையின் தரத்துக்காக வழக்கமாகத் தந்துவந்த வேறொரு தொகையை மறுகையால் வெட்டின. அது பூச்சியத்துக்கும் கீழே இறங்கிற்று. 2022 அக்டோபரில் அந்தக் கம்பெனிகள் பிரஸ்ஸல்ஸில் கூடியபோது, இரு நாடுகளும் சேர்ந்தே அந்த மாநாட்டைப் புறக்கணித்தன.