பார்க்க ஒரு விளக்கு, பார்க்கப்பட ஒரு விளக்கு

மாலை வகுப்பு முடிந்து மணி ஏழரை ஆகிவிட்டது. ஊருக்குப் போகும் சாலையில் தெருவிளக்குகள் இல்லை. உங்கள் சைக்கிளிலும் விளக்கு இல்லை. "பரவாயில்லை, தினமும் போகிற பாதைதானே! மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பெடலை மிதிக்கிறீர்கள்.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாதை உங்களுக்குத் தெரியும். ஆனால், அந்தப் பாதையில் நீங்கள் போய்க்கொண்டிருப்பது பின்னால் வருகிற லாரி ஓட்டுநருக்குத் தெரியுமா?

சைக்கிள் விளக்கைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுகிற கேள்வி இது. சைக்கிளின் முன்னும் பின்னும் இருக்கும் விளக்குகள் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. முன்விளக்கு முக்கியமாக நாம் பார்ப்பதற்கு. பின்விளக்கு நம்மைப் பிறர் பார்ப்பதற்கு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கடையில் எந்த விளக்கை வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அதற்கு வேண்டிய இயற்பியல் பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

மூன்று வாட்டின் பங்கீடு

பழைய சைக்கிள்களில் டயரை ஒட்டிச் சிறு புட்டி போன்ற ஒரு டைனமோ இருக்கும். அதன் தலையிலுள்ள உருளையை டயர் சுழற்றும். உள்ளே காந்தம் சுழலும். கம்பிச்சுருளில் மின்னோட்டம் உண்டாகும். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

இத்தகைய டைனமோக்களின் பொதுவான அளவு 6 வோல்ட், 3 வாட். அந்த 3 வாட்டில் 2.4 வாட் முன்விளக்குக்கும், 0.6 வாட் பின்விளக்குக்கும் போகும். அதாவது முன்னால் நான்கு பங்கு, பின்னால் ஒரு பங்கு. ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஒரு விளக்கிலிருந்து விலக விலக, வந்து சேரும் ஒளி குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. இது எதிர்விகித வர்க்க விதி. பின்விளக்கின் ஒளி ஒரே ஒரு பயணம்தான் செய்கிறது. உங்கள் சைக்கிளிலிருந்து புறப்பட்டு லாரி ஓட்டுநரின் கண்ணை அடைகிறது, அவ்வளவுதான்.

முன்விளக்கின் கதை வேறு. அதன் ஒளி முதலில் வழியில் கிடக்கும் கல்லின் மேல் விழ வேண்டும். அங்கே நாலா பக்கமும் சிதற வேண்டும். சிதறியதில் ஒரு சிறு பகுதி உங்கள் கண்ணுக்குத் திரும்பி வர வேண்டும். போகும்போதும் இழப்பு, வரும்போதும் இழப்பு. கல் இரு மடங்கு தொலைவில் இருந்தால், போகையில் நான்கில் ஒன்று, வருகையில் மீண்டும் நான்கில் ஒன்று. ஆகமொத்தம் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் பார்ப்பதற்கான விளக்குக்கு அதிக ஆற்றல் வேண்டும். பார்க்கப்படுவதற்கான விளக்குக்குக் கொஞ்சம் போதும்.

இந்தக் கணக்கை இப்போது லாரி ஓட்டுநரின் பக்கமிருந்து பாருங்கள். பின்விளக்கு இல்லாத நீங்கள் அவருக்கு வழியில் கிடக்கும் கல்லைப் போலத்தான். அவருடைய விளக்கின் ஒளி உங்கள் மேல் பட்டுத் திரும்பினால்தான் நீங்கள் தெரிவீர்கள். நீங்கள் கறுப்புச் சட்டை அணிந்திருந்தால், விழும் ஒளியில் நூற்றில் சில பங்குகள்தான் திரும்பும்.

எவ்வளவு தொலைவு தெரிய வேண்டும்?

முதலில் முன்விளக்கு. நீங்கள் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 5 மீட்டர். பள்ளத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க 1 நொடி ஆகிறது. அதற்குள் 5 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு 3 மீட்டர் வீதம் குறைப்பதாகக் கொண்டால், நிற்பதற்கு மேலும் 4 மீட்டருக்குச் சற்று அதிகம் தேவை. ஆக ஏறக்குறைய 9 மீட்டர்.

பாலத்து இறக்கத்தில் வேகம் 36 கி.மீ. ஆனால் என்ன ஆகும்? பிரேக் பிடிக்கும் முன் 10 மீட்டர்; பிடித்த பின் சுமார் 17 மீட்டர்; மொத்தம் 27 மீட்டர். வேகம் இரு மடங்குதான் ஆயிற்று. நிற்கும் தொலைவோ மூன்று மடங்கு! மழை பெய்தால் பிரேக் பிடிப்பு குறைந்து இது இன்னும் கூடும். உங்கள் விளக்கு காட்டும் தொலைவுக்குள் நிற்க முடியாத வேகத்தில் ஒருபோதும் போகக்கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் விதி.

இனிப் பின்விளக்கு. பின்னால் ஒரு கார் மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. நீங்கள் நொடிக்கு 5 மீட்டர் முன்னேறுகிறீர்கள். ஆகவே, இருவருக்கும் இடையிலுள்ள தொலைவு நொடிக்கு 15 மீட்டர் குறைகிறது. இருட்டில் உங்களைக் கண்டு, புரிந்துகொண்டு, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க 2 நொடி எடுத்தால் 30 மீட்டர் போய்விடும். அவருடைய பிரேக் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தாலும், உங்கள் வேகத்துக்கு இறங்கி வருவதற்குள் இடைவெளியில் இன்னும் 22.5 மீட்டர் குறையும். மொத்தம் ஏறக்குறைய 53 மீட்டர்.

எதிரே வண்டி வரும்போது காரின் விளக்கைத் தாழ்த்திவிடுவார்கள். தாழ்த்திய விளக்கு சாலையை நன்றாகக் காட்டுவது சுமார் 50 மீட்டர் வரைதான். கறுப்புச் சட்டை அதற்கும் குறைவான தொலைவில்தான் கண்ணுக்குப் புலப்படும். கணக்கு உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த ஓட்டுநர் கவனமானவர், அவருடைய பிரேக்கும் சரியானது. இருந்தும் இடம் போதவில்லை! நூறு மீட்டருக்கு அப்பாலேயே தெரியும் ஒரு சின்னஞ்சிறு சிவப்பு விளக்கு, அவருக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுக்கிறது.

பின்னால் சிவப்பு ஏன்?

வெள்ளை என்றால் வாகனத்தின் முகம், சிவப்பு என்றால் முதுகு. இது சாலையில் போகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி. வெள்ளை ஒளியைக் கண்டால் எதிரே வருகிறது என்றும், சிவப்பைக் கண்டால் முன்னால் போகிறது என்றும் ஓட்டுநர் நொடியில் முடிவு செய்கிறார். பின்னால் வெள்ளை டார்ச்சைக் கட்டிக்கொண்டு போவது, பொய் சொல்வதற்குச் சமம்.

சிவப்புக் கண்ணாடிப் பட்டை போதாதா?

மட்கார்டில் இருக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானை உற்றுப் பாருங்கள். உள்ளே சிறுசிறு மூலைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு மூலையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்களால் ஆனது. இப்படிப்பட்ட மூலைக்குள் நுழையும் ஒளி, முகங்களில் மோதி, வந்த திசையிலேயே திரும்பிவிடும். 1969ஆம் ஆண்டில் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான் பலகையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். பூமியிலிருந்து லேசர் ஒளியை அதன்மீது செலுத்தி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு நிலவின் தொலைவை அளக்கிறார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இருட்டில் சைக்கிளிலிருந்து இருபது அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பிரதிபலிப்பான் மீது ஒளியை அடியுங்கள். அது நெருப்பாக ஒளிரும். அதே நேரத்தில், பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளி நிற்கும் உங்கள் நண்பரைக் கேளுங்கள். "மங்கலாகத்தான் இருக்கிறது" என்பார். ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்புகிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை.

இதிலிருந்து பிரதிபலிப்பானின் சிறப்பும் தெரிகிறது, குறையும் தெரிகிறது. அதற்குப் பேட்டரி வேண்டாம். ஆனால், எதிராளியின் விளக்கு நேராக அதன் மேல் விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். விளக்கில்லாமல் வரும் இன்னொரு சைக்கிள்காரருக்கும், சாலையைக் கடக்கும் பாட்டிக்கும் அதனால் பயன் இல்லை. எனவே பிரதிபலிப்பான் விளக்குக்குத் துணைதான், மாற்று அல்ல. பெடலில் உள்ள பிரதிபலிப்பான்கள் மட்டும் ஒரு தனி உதவி செய்கின்றன. அவை மேலும் கீழும் அசைவதைப் பார்த்தவுடனே, அது சைக்கிள் என்று தெரிந்துவிடுகிறது.

டைனமோவா, பேட்டரியா?

பழைய டைனமோ விளக்கின் பல்பு, மின்னாற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கியது. ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமென் ஒளிதான் கிடைத்தது. லூமென் என்பது ஒரு விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அளவு. இன்றைய வெள்ளை எல்.இ.டி., அதாவது ஒளி உமிழ் டையோடு, ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருகிறது. இதற்கு வழி திறந்தது நீல எல்.இ.டி. அதை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

டைனமோவின் நன்மை, கால் மிதிக்கும்வரை அதற்குத் தீர்ந்துபோதல் கிடையாது என்பதே. சைக்கிள் நின்றால் விளக்கும் அணைவது அதன் குறை. சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் ஆபத்தான நேரத்தில்தான் நீங்கள் மறைந்துபோகிறீர்கள்! புதிய வகை டைனமோ விளக்குகள் சிலவற்றில் ஒரு மின்தேக்கி இருக்கும். நின்ற பிறகும் சில நிமிடங்கள் அது விளக்கை எரிய வைக்கும். பேட்டரி விளக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மின்னேற்றம் செய்ய மறந்தால், எல்லாம் இருட்டு.

பேட்டரி விளக்கு வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள், கணக்குப் போடுங்கள். "1000 லூமென், 3 மணி நேரம் எரியும், பேட்டரி 3.7 வோல்ட், 1200 மில்லி ஆம்பியர் மணி" என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 3.7ஐ 1.2ஆல் பெருக்கினால் சுமார் 4.4 வாட் மணி. 3 மணி நேரம் எரிய வேண்டுமானால், விளக்கு 1.5 வாட்தான் எடுக்கலாம். அப்படியானால் ஒளி சுமார் 150 லூமென். ஆயிரம் லூமெனும் மூன்று மணி நேரமும் சேர்ந்தாற்போல் உண்மையாக இருக்கவே முடியாது!

லூமென் எண்ணைவிட, அந்த ஒளி எங்கே விழுகிறது என்பது முக்கியம். 100 லூமென் ஒளி 10 சதுர மீட்டர் பரப்பில் பரவினால், ஒளிச்செறிவு 10 லக்ஸ். 50 சதுர மீட்டரில் பரவினால் 2 லக்ஸ்தான். மரக்கிளைக்கும் வானத்துக்கும் போகும் ஒளியால் பள்ளம் தெரியாது. எதிரே வருபவரின் கண்தான் கூசும். கூசிய கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். ஆகவே கடையில் விளக்கைச் சுவரில் அடித்துப் பாருங்கள். ஒளி மேல்பக்கம் சிதறாமல், கீழே அகலமாகச் சேர்ந்து விழும் விளக்கே நல்லது.

பொருத்தும் முறை

முன்விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், சைக்கிளைச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஒளியின் மையம் சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழும்படி சாய்த்து இறுக்குங்கள். சுவர் இல்லாவிட்டால் அந்த மையம் 10 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். வடிவொத்த முக்கோணங்களை வரைந்து நீங்களே சரிபார்க்கலாம். இந்த அமைப்பு நிதானமான வேகத்துக்குத்தான். இறக்கத்தில் பிரேக்கை விடாதீர்கள்.

பின்விளக்கைச் சீட்டுக்கு அடியில் பொருத்தினால், காரியரில் வைக்கும் புத்தகப்பை அதை மறைத்துவிடும். தாவணியும் துப்பட்டாவும் அப்படியே. காரியரின் பின்முனையோ மட்கார்டோதான் ஏற்ற இடம்.

மினுக்கும் விளக்கு நல்லதா? அது கவனத்தைச் சட்டென்று இழுக்கும். ஆனால் தொலைவை மதிப்பிடுவதற்குத் தொடர்ந்து எரியும் விளக்கே எளிது. நாடுகள்கூட இதில் ஒத்துப்போகவில்லை. ஜெர்மனி சைக்கிளில் மினுக்கும் விளக்குக்கு இடம் தருவதில்லை. பிரிட்டன் அனுமதிக்கிறது, ஆனால் தெருவிளக்கு இல்லாத இடங்களில் முன்விளக்கு தொடர்ந்து எரிவதே நல்லது என்று அறிவுறுத்துகிறது. நம் கிராமச் சாலைக்கும் அந்த அறிவுரை பொருந்தும்.

கையில் பணம் குறைவாக இருந்து, ஒரு விளக்கைத்தான் இப்போது வாங்க முடியும் என்றால்? பலரும் முன்விளக்கைத்தான் வாங்குவார்கள். பழகிய பாதையில், கைடார்ச் ஒன்றை ஹாண்டில்பாரில் இறுகக் கட்டி முன்விளக்கின் வேலையை ஓரளவு சமாளிக்கலாம். பின்விளக்குக்கு அப்படி மாற்று எதுவும் இல்லை. அதன் விலையும் பெரும்பாலும் குறைவு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முன்விளக்கு அணைந்தால் அந்த நொடியே உங்களுக்குத் தெரிந்துவிடும். பின்விளக்கு அணைந்தால் வீடு போய்ச் சேரும்வரை தெரியாது. அது எரிவதை நீங்கள் பார்ப்பதே இல்லை. அந்த விளக்கு உங்களுக்காக இன்னொருவரின் கண்ணில் எரிகிறது. எனவே இன்று மாலை ஸ்டாண்டை எடுப்பதற்கு முன் ஒரு முறை சைக்கிளின் பின்னால் போய் நின்று பாருங்கள். சிவப்பு தெரிகிறதா? அப்படியானால் புறப்படலாம்.