தூண்டிலுக்கு மேலே ஒரு முழம் நூல்

சொந்த வயலை விட்டு வேறிடத்தில் வாழ நேர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு, ஆறும் குளமும் கறிச்சட்டிக்குக் கைகொடுக்கும் இடங்களாக இருந்து வந்துள்ளன. வலைத் தொழிலுக்குப் பணம் வேண்டும், வள்ளம் வேண்டும், பழக்கமும் வேண்டும். தூண்டிலுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஒரு தடி, சிறிது நூல், ஒரு முள், வளவில் கிண்டியெடுத்த மண்புழு ஆகியன போதும். ஆயினும், வாங்கிய முதல் வாரத்திலேயே நூலும் முள்ளும் ஆற்றோடு போய்விட்டன என்று அலுத்துக்கொள்வோர் உளர். பெரும்பாலும் குறை தடியிலோ முள்ளிலோ இல்லை. முள்ளுக்கு மேலேயுள்ள அந்த ஒரு முழ நூலில்தான் உள்ளது.

முள்ளைக் கட்டும் இக்கடைசித் துண்டை இங்கு முனைநூல் என்போம். தடியிலிருந்து வரும் நீண்ட நூலைத் தாய்நூல் என்போம். இரண்டையும் ஒரே நூலாக விடாது, தனித்தனியே தெரிவு செய்ய வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த விடயம். வடபகுதியில் பலரும் அறிந்த அருவியாற்றை உதாரணமாகக் கொள்வோம்.

ஆற்றின் இரு முகங்கள்

சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அருவியாறு 164 கிலோமீற்றர் நீளமானது. அநுராதபுரத்தின் ஊடாக வந்து மன்னார் மாவட்டத்தில் கடலில் கலக்கிறது. தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்படும் இதன் நீர்தான் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகிறது. மாரியில் ஆறு கலங்கி, மண்ணிறமாக, முறிந்த கொப்புகளையும் அடித்துக்கொண்டு ஓடும். கோடையில் ஓட்டம் குறைந்து, மணலின் நடுவே மடுக்களாகத் தேங்கித் தெளிந்து நிற்கும். கரையோர மருதமரங்களின் வேர்கள் இரு காலத்திலும் நீருக்குள் கிடக்கும்.

கலங்கிய நீரில் மீன் நூலைக் காண்பதில்லை. அங்கே வேண்டியது பலம். தெளிந்த மடுவில் தடித்த நூலைக் கண்ட மீன் இரையைத் தொடாது விலகும். அங்கே வேண்டியது மென்மை. ஆகவே ஒரே ஆற்றுக்கு ஒரே முனைநூல் வருடம் முழுவதும் பொருந்தாது.

ஏன் முனைநூல் மெலிந்திருக்க வேண்டும்?

குளத்துக்கு வான் எதற்கு? வெள்ளம் மிஞ்சும்போது நீர் அவ்வழியே வெளியேறி, அணைக்கட்டு உடையாமல் காப்பதற்கு. முனைநூலும் அவ்வாறே. தாய்நூலிலும் பார்க்க அது ஒருபடி மெல்லியதாக இருந்தால், முள் வேரில் சிக்கும்போது அந்த ஒரு முழம் மட்டும் அறும். தாய்நூலும் மிதப்பும் நம்மிடம் மீளும். இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் எங்கே அறும் என்று சொல்ல முடியாது. பத்து மீற்றர் நூலும் ஆற்றில் போகலாம்.

இதிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. முள்ளும் நூலும் போய்விடுமே என்ற கவலையில், சிக்கியதை எடுக்க நீரில் இறங்குவோர் உண்டு. சிறுவர்களை இறக்குவோரும் உண்டு. வரண்ட பிரதேசத்து ஆறுகளிலும் குளங்களிலும் முதலை வாழ்கிறது. கலங்கிய நீரில் அது கிடப்பது தெரியாது. எளிதில் அறும் முனைநூல் இருந்தால் நீரில் இறங்கவே வேண்டியதில்லை. நூலை ஒரு தடியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, முகத்தை மறுபக்கம் திருப்பி, பின்னோக்கி நடந்தால் அறுந்துவிடும். வெறுங்கையில் சுற்றினால் நூல் தோலை வெட்டும்.

கடையில் கிடைக்கும் நூல்கள்

1. தங்கூசி. இது ஒற்றை இழை நைலோன். 1935இல் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் நைலோன் உருவாக்கப்பட்டது. மலிவானது, சிறிது இழுபடும், முடிச்சை நன்றாகப் பிடிக்கும். மீன் திடீரென இழுக்கும்போது இந்த இழுபடும் தன்மை முள் கழராமல் காக்கிறது. நீரில் ஊறும்போது ஓரளவு பலம் குறைவதும், வெயிலில் நாட்பட நலிவதும் இதன் குறைகள். கடை வாசலில் வெயிலில் தொங்கும் சுருளை வாங்க வேண்டாம். எமது தேவைக்குப் பெரும்பாலும் இதுவே போதுமானது.

2. புளோரோகாபன். பார்வைக்குத் தங்கூசி போன்றது. ஒளியை வளைக்கும் அளவு நீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலோனுக்குச் சுமார் 1.53. நீரின் அளவுக்கு இது கிட்ட நிற்பதால் தெளிந்த நீரில் குறைவாகத் தெரியும். நீரிலும் பாரமானது, ஆதலால் விரைவில் தாழும். வேரில் உராய்ந்தாலும் ஓரளவு தாங்கும். ஆனால் விலை கூடியது. மாரி வெள்ளத்தில் இதற்குக் காசு செலவழிப்பதில் பயனில்லை.

3. பின்னிய பொலித்தீன் நூல். மெல்லியதாயினும் மிகுந்த பலமுடையது. இழுபடாது, நீரில் மிதக்கும். பாசிக்கும் தாமரைக்கும் நடுவே தாய்நூலாக உதவும். ஆயின் கூரிய கல்லில் பட்டால் இழை இழையாகப் பிரிந்து அறும். முனைநூலாக இதைக் கட்டினால், அறவேண்டிய இடத்தில் அறாமல் தடியை முறிக்கவும் கூடும்.

4. வலை பொத்தும் நூல். பல நைலோன் இழைகளை முறுக்கிச் செய்தது. நீரில் நன்றாகத் தெரியும். ஆனால் மிருதுவானது, உராய்வைத் தாங்குவது. கலங்கல் நீருக்குப் பொருத்தமானது.

5. கம்பி. சைக்கிள் பிறேக் கம்பியிலிருந்து பிரித்த ஓர் இழையைச் சிலர் கட்டுவர். வரிசையாகப் பல் கொண்ட வாளைக்கு அன்றி வேறெந்த மீனுக்கும் இது தேவைப்படாது. வாளையும் அருகி வரும் மீன். அதைத் தேடிப் பிடிக்காது விடுவது நன்று.

பழைய தங்கூசி வலையிலிருந்து இழை உருவிக் கட்டுவது நல்லதன்று. அவ்வகை வலை இலங்கையில் தடை செய்யப்பட்டது என்பதோடு, வெயிலில் கிடந்து நலிந்த இழை முதல் இழுவையிலேயே அறும்.

மீனுக்கேற்ற பருமன்

சுருளில் மில்லிமீற்றர் அளவும், தாங்கும் நிறையும் அச்சிடப்பட்டிருக்கும். பருமன் இரு மடங்கானால் பலம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்திருங்கள். 0.20 மில்லிமீற்றர் தங்கூசி சுமார் 3 கிலோ தாங்கும். 0.40 சுமார் 10 கிலோவுக்கு மேல் தாங்கும்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவே இன்று எமது குளங்களில் அதிகம் அகப்படும் மீன். அதற்குக் கோடை மடுவில் 0.20, கலங்கல் நீரில் 0.25 போதும். தாய்நூல் 0.30 அல்லது 0.35 ஆக இருக்கட்டும். கெளுத்திக்கும் சுங்கானுக்கும் 0.30 முனைநூல் வேண்டும். இவற்றின் முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். மீனைத் துணியால் பிடித்துக் கழற்றுங்கள். விலாங்கு உடலை முறுக்கி நூலைச் சிக்கலாக்கும். அதற்கு வலை பொத்தும் நூல் நல்லது. பாசிக்குள் பதுங்கும் விராலுக்கு 0.40 முனைநூலும் அதிலும் தடித்த தாய்நூலும் தேவை.

வாளி வைத்துச் சோதியுங்கள்

அச்சிட்ட நிறையை அப்படியே நம்ப வேண்டாம். அது முடிச்சில்லாத நூலுக்குரியது. முனைநூலை ஒரு மணித்தியாலம் நீரில் ஊறவைத்து, ஒரு நுனியில் முள்ளைக் கட்டி, முள்ளை மரத்தில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். மறுநுனியில் வெற்று வாளியைத் தொங்கவிட்டு, ஒரு லீற்றர் போத்தலால் நீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. எத்தனையாவது போத்தலில் அறுகிறதோ, அதனுடன் வாளியின் நிறையையும் கூட்டினால் உங்கள் நூலின் உண்மையான பலம் தெரியும். அறும்போது முள் தெறிக்கலாம். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

முடிச்சு

சாதாரண முடிச்சு நூலின் பலத்தில் ஏறக்குறையப் பாதியைத் தின்றுவிடும். நூலை முள்ளின் கண்ணுக்குள் கோர்த்து, நுனியைத் தாய்ப்பக்க நூலின்மேல் ஐந்து முறை சுற்றி, கண்ணுக்கு அருகிலுள்ள சிறு வளையத்துள் அந்நுனியை நுழைத்து இழுங்கள். இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனையுங்கள். உலர்ந்த தங்கூசி உராய்வுச் சூட்டினால் நலிந்துவிடும். முனைநூலின் மறுநுனியிலும் தாய்நூலின் நுனியிலும் வளையம் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைக் கோருங்கள். அறுந்தால் புதிய துண்டை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். முள் கட்டிய நான்கைந்து துண்டுகளை வீட்டிலேயே ஆயத்தம் செய்து, மட்டையில் சுற்றி நிழலில் வையுங்கள்.

ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் முனைநூலை விரல் நகத்தால் உருவிப் பாருங்கள். சொரசொரப்போ கீறலோ தென்பட்டால் அத்துண்டை வெட்டிவிடுங்கள். ஒரு முழ நூலின் பெறுமதி, ஒரு நேரக் கறியிலும் குறைவு.

வெட்டியதைக் கரையில் எறிய வேண்டாம். நைலோன் மண்ணில் உக்காது. தண்ணீர் குடிக்க வரும் மாட்டின் காலிலும், நீர்க்காகத்தின் சிறகிலும் அது சிக்கும். ஒரு போத்தலில் சேர்த்து, சிறு துண்டுகளாக நறுக்கி, வீட்டுக் குப்பையோடு சேருங்கள்.

புதிய இடத்தில் தூண்டில் போடுமுன் அங்குள்ளோரிடம் கேளுங்கள். பல குளங்களில் மீனவர் சங்கத்தினர் குஞ்சு விட்டு வளர்க்கின்றனர். அவர்களுடைய உழைப்பை மதித்துக் கேட்டால், மீன் நிற்கும் மடுவையும், முதலை கிடக்கும் துறையையும் அவர்களே சொல்லித் தருவர். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள கரைக்கு எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

விலை கூடிய நூல் நல்ல நூல் என்பதில்லை. நீரைப் பார்த்து, மீனைப் பார்த்து, தாய்நூலிலும் ஒருபடி மெல்லிய தங்கூசியை நனைத்து முடிந்தால், அதுவே எமக்கு ஏற்ற நூல். சிக்கினால் அதை விட்டுவிட்டு, கரையிலிருந்தபடியே அடுத்த துண்டைக் கட்டுங்கள்.