தவளைக்குக் களிம்பு தடவலாமா?

2021 குளிர்காலத்தில் கிழக்கு ஆஸ்திரேலியாவில் வீட்டு வாசல்களிலும் தோட்டங்களிலும் தவளைகள் செத்துக் கிடந்தன. பகலில் தலைகாட்டாத பச்சை மரத்தவளைகள் பட்டப்பகலில் வெட்டவெளியில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. உடல் வற்றி, பச்சை மங்கிப் பழுப்பேறியிருந்தது. சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் பொதுமக்களிடம் தகவல் கேட்டதும், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். இறந்த தவளைகளைச் சோதித்தபோது பலவற்றின் தோலில் கைட்ரிட் என்னும் பூஞ்சை இருந்தது.

இதே இனத் தவளைதான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் செல்லப்பிராணியாக வளர்கிறது. சாதுவானது, உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்குப் பருக்கும், நல்ல கவனிப்பில் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். சிட்னிக்கு 1788-இல் வந்திறங்கிய முதல் கப்பல் கூட்டத்தின் தலைமை அறுவை மருத்துவர் ஜான் வைட், 1790-இல் தன் பயண நூலில் இதை ‘நீலத் தவளை’ என்று வர்ணித்தார். பதப்படுத்த வைத்த சாராயத்தில் ஊறியதில் தோலின் மஞ்சள் நிறமி கரைந்துபோய், அடியிலிருந்த நீலம் மட்டும் மிஞ்சியதுதான் காரணம். அவர் பெயராலேயே இது இன்றும் ‘வைட்டின் மரத்தவளை’.

இதன் தோலில் புண்ணோ வெண்படலமோ தெரிந்தால், வளர்ப்பவரின் கை முதலில் வீட்டு மருந்துப் பெட்டியைத்தான் தேடும். ஆபத்து தொடங்கும் இடமும் அதுவே.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையடியிலும் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சின் ஒரு பங்கும் தோல் வழியே நடக்கிறது. உடம்பின் உப்புச் சமநிலையைக் காப்பதும் அந்தத் தோல்தான். கைட்ரிட் பூஞ்சை எப்படிக் கொல்கிறது என்பதை 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதே பச்சை மரத்தவளைகளை வைத்து விளக்கியது. தொற்றிய தோலால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சரிவரக் கடத்த முடியவில்லை. இரத்தத்தில் இரண்டும் குறைந்தன, கடைசியில் இதயம் நின்றது. உப்புக் கரைசலை வாய்வழி கொடுத்த தவளைகள் மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் உயிரோடிருந்தன. நோய் தோலில், சாவு இதயத்தில்.

மனிதர்களுக்கான களிம்புகள் சிலவற்றில் எரிச்சல் தெரியாமலிருக்க ‘கெயின்’ என்று முடியும் மரப்பு மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அவற்றில் ஒன்று பென்சோகெயின். பிழைக்க வழியில்லாத தவளையைக் கருணைக்கொலை செய்ய மருத்துவர்கள் அதன் வயிற்றில் தடவுவது இந்த பென்சோகெயின் ஜெல்லைத்தான். நமக்கு எரிச்சலைத் தணிக்கும் மருந்து தவளையின் தோல் வழியே உடம்புக்குள் இறங்கி உயிரையே பறித்துவிடும்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? முதலில் நோயா இல்லையா என்று பார்க்க வேண்டும். பச்சை மரத்தவளை குளிருக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பப் பழுப்பாக மாறுவது இயல்பு. அடிக்கடி தோலுரித்து, உரித்ததைத் தானே தின்றுவிடுவதும் இயல்பு. உரிந்த தோல் துண்டுதுண்டாகத் தொங்கிக்கொண்டே இருப்பது, இரையைச் சீண்டாமல் இருப்பது, கால்களைப் பரப்பிக்கொண்டு சோர்ந்து கிடப்பது, மல்லாந்தால் புரண்டெழத் தடுமாறுவது ஆகியவை கைட்ரிட்டின் அடையாளங்கள். வயிறும் தொடையின் அடிப்புறமும் இரத்தம் கட்டியதுபோல் சிவந்தால் அது ‘சிவந்த கால்’ என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஏரோமோனாஸ் வகைக் கிருமிகள் இரத்தத்தில் கலந்து பரவியதன் விளைவு அது. அந்தச் சிவப்பைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கும் வரை தவளையைத் தனி டப்பாவுக்கு மாற்றுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய முதல் சிகிச்சை. மண், பாசி, செடி எதுவும் வேண்டாம். ஈரப்படுத்திய, சாயமும் மணமும் இல்லாத காகிதத் துவாலையும், தாழ்வான தண்ணீர்க் கிண்ணமும், ஒளிந்துகொள்ள ஒரு மறைவும் போதும். காகிதத்தையும் தண்ணீரையும் தினமும் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். பல நகரங்களில் கலக்கும் குளோரமின் அப்படிப் போகாது. அதை முறிக்கும் சொட்டு மருந்து மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கிறது. தவளையைத் தூக்கும்போது மாவு பூசாத கையுறையை நனைத்துப் போட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது. தவளைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். தினமும் எடை பார்த்துக் குறித்துவைத்தால் மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை.

மருத்துவர் ஈரப் பஞ்சுக்குச்சியால் வயிற்றையும் விரலிடுக்கையும் தேய்த்து எடுத்து, மரபணுச் சோதனைக்கு அனுப்புவார். கைட்ரிட் உறுதியானால் வழக்கமான மருந்து இட்ராகோனசோல். மிக நீர்த்த கரைசலில் தினமும் ஐந்து நிமிடம் தவளையைக் குளிப்பாட்ட வேண்டும். முன்பு இதை 0.01 சதவீதக் கரைசலில் 11 நாள் செய்துவந்தார்கள். இன்னும் நீர்த்த கரைசலும் குறைந்த நாட்களும் போதும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மருத்துவர் கலந்து கொடுத்தால், குளியலை வீட்டிலேயே நடத்தலாம். கண்ணளவில் சமையல் உப்பு கரைப்பது, மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் போடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம்.

வெப்பமும் ஒரு மருந்துதான். இந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி செல்சியஸில் செழிக்கும், 30-ஐ நெருங்கினால் ஒடுங்கும். சிட்னி மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறிய பசுமைக்குடில்களுக்குள் கறுப்பு வர்ணம் பூசிய துளைச் செங்கற்களை அடுக்கிவைத்தார்கள். வேறோர் ஆஸ்திரேலிய இனமான பொன்மணித் தவளைகள் அந்தச் சூடான துளைகளைத் தாமே தேடிப் போய் உட்கார்ந்து தொற்றிலிருந்து மீண்டன. பிறகு அதே பூஞ்சையை எதிர்க்கும் வலுவும் அவற்றுக்குக் கூடியது. இது 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. தவளைக்கு அங்கே விலகிப் போகவும் இடம் இருந்தது என்பதை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். டப்பா முழுவதையும் விளக்கால் சூடேற்றினால், வற்றிய தவளை இன்னும் வற்றும்.

குணமான தவளை பழைய பெட்டிக்குத் திரும்புமுன் பெட்டிக்கும் வைத்தியம் உண்டு. மரக்கிளைகளையும் மண்ணையும் தூக்கி எறிந்துவிடுவதே உத்தமம். கண்ணாடியையும் பாத்திரங்களையும் பிளீச்சிங் திரவத்தால் துடைத்து, நன்றாகக் கழுவி, முழுவதும் உலர்த்த வேண்டும். 60 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் இருந்தாலே இந்தப் பூஞ்சை செத்துவிடும்.

ஆசியாவில் கைட்ரிட் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது காட்டில் அல்ல, 2006-இல் ஜப்பானில் ஒருவர் வளர்த்த வெளிநாட்டுத் தவளைகளில். வளர்ப்புத் தவளைகளிலிருந்து பூஞ்சை வெளியே பரவக்கூடும் என்பதால், தொட்டித் தண்ணீரைத் தோட்டத்திலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டாமல், பிளீச் கலந்து வைத்திருந்து கழிவறையில் ஊற்றச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். மருந்துக் குளியல் முடிந்து சில வாரம் கழித்து மறுபடியும் பஞ்சுக்குச்சிச் சோதனை நடக்கும். அதிலும் பூஞ்சை இல்லை என்று வந்த பிறகே மற்றத் தவளைகளோடு சேர்க்கலாம்.