34 ஆண்டுகள் தூங்கிய இசைத்தட்டு! பெயரை மாற்ற மறுத்த அண்ணன்!!

கடைக்குப் பெயர் வைப்பதென்றால் நல்ல நாள் பார்ப்பார்கள். நாலு பெரியவர்களைக் கேட்பார்கள். கடைசியில் காதுக்கு மங்களகரமாக ஒரு பெயரைப் போர்டில் எழுதுவார்கள்.

அமெரிக்காவில் மூன்று சகோதரர்கள் தங்கள் பாட்டுக் குழுவுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா?

'டெத்'. அதாவது, சாவு!

அந்த ஒரு பெயரால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. பாட்டுகள் பெட்டிக்குள் முடங்கின. பெயரை மாற்றவே மாட்டேன் என்று நின்ற அண்ணன் கண்ணை மூடினார். அதற்குப் பிறகுதான் உலகம் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. 1975-ல் பதிவான பாட்டுகள் 2009-ல் இசைத்தட்டாக வெளிவந்தன.

சந்தில் கிடந்த கிட்டார்

மோட்டார் கார் தொழிலுக்குப் பேர் போன டெட்ராய்ட் நகரம்தான் அவர்களுடைய ஊர். ஹாக்னி என்பது குடும்பப் பெயர். மூத்தவர் டேவிட், நடுவில் டேன்னிஸ், கடைக்குட்டி பாபி. கருப்பினக் குடும்பம். இவர்களுக்கு வேறு உடன்பிறப்புகளும் உண்டு. பாட்டு என்று கிளம்பியவர்கள் இந்த மூன்று பேர்தான்.

1964-ம் ஆண்டு. 'பீட்டில்ஸ்' குழு முதன்முதலாக அமெரிக்க டெலிவிஷனில் பாடுகிறது. "இதைப் பார்க்க வேண்டும்" என்று பிள்ளைகளை டெலிவிஷன் முன்னால் உட்கார வைத்தவர் அப்பாதான். மறுநாளே டேவிட் ஒரு சந்தில் யாரோ தூக்கிப் போட்ட பழைய கிட்டாரைக் கண்டெடுத்தார். வீட்டுக்கு எடுத்து வந்து தட்டித் தடவி வாசிக்கப் பழகினார். தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். டேன்னிசுக்கு டிரம். பாபிக்கு பேஸ் கிட்டார், பாட்டும் அவரே.

1971-ல் குழு உருவானது. ஆரம்பத்தில் 'ஃபங்க்' என்ற ஆட்டப் பாட்டு வகையைத்தான் வாசித்தார்கள். கருப்பின வாலிபர்கள் என்றால் அதைத்தான் வாசிக்க வேண்டும் என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். 'மோட்டவுன்' என்ற புகழ்பெற்ற இசைத்தட்டுக் கம்பெனி பிறந்த ஊராயிற்றே! அந்த மெட்டில் வாசித்தால் கச்சேரிக்குக் கூப்பிட ஆள் உண்டு.

ஆனால் 'தி ஹூ', ஆலிஸ் கூப்பர் போன்றவர்களின் அதிரடி ராக் இசையைக் கேட்ட பிறகு சகோதரர்களுக்கு மனம் மாறிவிட்டது. "வாசித்தால் அப்படி வாசிக்க வேண்டும்" என்ற வெறி. வேகம், சத்தம், ஆவேசம். அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொண்டார்கள். இது வெள்ளைக்காரப் பையன்கள் வாசிக்கிற சமாசாரம், இவர்களுக்கு எதற்கு என்ற பேச்சு வேறு.

பெயர் வந்த கதை

இந்த நேரத்தில் குடும்பத்தில் இடி விழுந்தது. அப்பா விபத்தில் இறந்து போனார்.

டேவிட்டை அந்தச் சாவு ஆட்டிப் படைத்தது. ஆனால் அழுது முடித்து உட்கார்ந்துவிடவில்லை. சாவு என்றதும் எல்லாரும் ஏன் நடுங்க வேண்டும்? பிறப்பு போல அதுவும் ஒன்றுதானே? அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல அர்த்தம் கொடுத்துக் காட்டினால் என்ன? அவர் எண்ணம் இப்படி ஓடியது. குழுவுக்கு 'டெத்' என்று பெயர் சூட்டினார். முக்கோண வடிவத்தில் ஒரு சின்னமும் வரைந்தார். ஆன்மா, மனம், உடல் மூன்றும் அதில் அடக்கம். மூன்றையும் வழி நடத்தும் கடவுளுக்கும் அதில் இடம் கொடுத்தார்.

தம்பிகளுக்கு முதலில் திக்கென்றுதான் இருந்தது. எந்தத் தம்பிக்குத்தான் இருக்காது? கல்யாண வீட்டுக்குப் பாட வருகிற குழுவுக்கு அந்தப் பெயர் இருந்தால் யாரு கூப்பிடுவா, யாரு முன்பணம் குடுப்பா? இருந்தாலும் அண்ணன் சொல்லைத் தட்டவில்லை.

பெரிய முதலாளி வந்தார்

கம்பெனி தேடிய விதம் ஒரு தமாஷ். டெலிபோன் டைரக்டரியில் வர்த்தகப் பக்கத்தைச் சுவரில் மாட்டி, அம்பு எறிந்து பார்த்தார்களாம்! அது குத்திய இடத்தில் இருந்த பெயர் 'குரூவ்ஸ்வில்'. டான் டேவிஸ் என்ற தயாரிப்பாளரின் கம்பெனி. போய்க் கேட்டார்கள். ஒப்பந்தம் கிடைத்துவிட்டது!

1975-ல் டெட்ராய்ட் 'யுனைடெட் சவுண்ட்' ஸ்டூடியோவில் பதிவு தொடங்கியது. பன்னிரண்டு பாட்டுகள் என்று திட்டம்.

இங்கேதான் கிளைவ் டேவிஸ் வருகிறார். அமெரிக்க இசைத்தட்டு உலகில் அவர் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்பார்கள். பின்னாளில் விட்னி ஹூஸ்டன் என்ற பாடகியை உலகத்துக்குக் காட்டியவரும் அவரே. அவருக்கு இந்தப் பாட்டுகள் பிடித்துப் போயின. ஒரே ஒரு நிபந்தனைதான்: "பெயரை மாத்துங்க".

தம்பிகள் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். டேவிட் அசையவில்லை. பெயரை விட்டுக் கொடுத்துவிட்டால் அப்புறம் மற்றதையும் ஒவ்வொன்றாக விட்டுக் கொடுக்க வேண்டியதுதான் என்பது அவர் வாதம். தம்பிகள் அரை மனதோடு அண்ணன் பக்கம் நின்றார்கள். கிளைவ் டேவிஸ் கை கழுவினார். ஹாக்னி குடும்பத்தார் பின்னாளில் சொன்ன விவரம் இது.

கையில் இருந்த பணத்தை உதறியது சரியா, தப்பா? கணக்குப் பிள்ளையைக் கேட்டால் தப்பு என்றுதான் சொல்வார். காய்கறிக் கடைக்காரரும் அதையேதான் சொல்வார். தம்பிகளே வெகு காலம் அப்படி நினைத்தவர்கள்தான். அண்ணன் மட்டும் கடைசி வரை நினைக்கவில்லை.

பன்னிரண்டு பாட்டில் ஏழோடு பதிவு நின்றது.

500 தட்டுகள்

மறு வருடம், 1976. ஒப்பந்தம் போய்விட்டது. சகோதரர்களே சொந்தமாக ஒரு சின்ன இசைத்தட்டு அச்சடித்தார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஒரு பக்கம் அரசியல்வாதிகளைச் சாடும் பாட்டு. (எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பழசாகாத சரக்கு!) மொத்தம் அச்சானது 500 தட்டுகள். ரேடியோ நிலையங்களுக்குக் கொண்டு போய்க் கொடுத்துப் பார்த்தார்கள். ஊஹூம், போணியாகவில்லை.

அந்தச் சமயத்தில் ராக் இசைக்கு மவுசு குறைந்து, 'டிஸ்கோ' ஆட்டம் எங்கும் கொடி கட்டிப் பறந்தது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அதே 1976-ல் நியூயார்க்கில் 'ரமோன்ஸ்' என்ற குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. லண்டனில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழு கிளம்பியது. 'பங்க்' என்ற புது இசை பிறந்துவிட்டது என்று உலகமே கூத்தாடியது. மூன்று வாத்தியம், மின்னல் வேகம், ஆத்திரமான பாட்டு. அவ்வளவுதான் பங்க். அதைத்தான் டெட்ராய்டில் மூன்று பேர் ஒரு வருடம் முன்பே டேப்பில் பதிந்து வைத்திருந்தார்கள். கேட்கத்தான் நாதி இல்லை.

1977-ல் குழு கலைந்தது. சகோதரர்கள் ஊரைக் காலி செய்து, குளிர் மிகுந்த வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே 'நாலாவது இயக்கம்' என்று பொருள்படும் புதுப் பெயரில் பக்திப் பாட்டு பாடினார்கள். இரண்டு இசைத்தட்டுகள் போட்டார்கள். அதுவும் பெரிதாக எடுபடவில்லை. 1982-ல் டேவிட் டெட்ராய்டுக்கே திரும்பிவிட்டார். தம்பிகள் வெர்மான்ட்டில் தங்கி, குடும்பம் குழந்தை என்று ஆகி, 'ரெகே' என்ற ஜமைக்கா பாணி இசைக்குழு நடத்தி வந்தார்கள்.

"ஒரு நாள் தேடி வருவார்கள்"

டேவிட்டுக்கு நுரையீரலில் புற்றுநோய். இறப்பதற்கு முன்னால் தம்பியிடம் அந்தப் பழைய டேப்புகளை ஒப்படைத்தார். பத்திரமாக வைத்திரு, இதைத் தேடி உலகம் ஒரு நாள் வரும், நான் அப்போது இருக்க மாட்டேன் என்ற பொருளில் அவர் சொன்னதாகத் தம்பிகள் சொல்கிறார்கள்.

2000-ம் ஆண்டில் டேவிட் காலமானார். டேப்புகள் பாபி வீட்டுப் பரண் மேல் போய்ச் சேர்ந்தன. குழந்தைகளுக்குக் கூட விஷயம் தெரியாது. அப்பாவும் இரண்டு பெரியப்பாக்களும் 'சாவு' என்ற பெயரில் ஒரு காலத்தில் வெறி பிடித்த மாதிரி பாடினார்கள் என்பதை வீட்டில் யாரும் பேசியதில்லை. தோற்றுப்போன கதையைப் பிள்ளைகளிடம் யார் உட்கார்ந்து சொல்வார்கள்?

ஆனால் அந்த 500 தட்டுகள் சும்மா கிடக்கவில்லை. பழைய இசைத்தட்டு சேகரிக்கிற பைத்தியங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆக்கர் கடைக்குள் புகுந்து தூசியைத் தின்று தேடுகிற ஜாதி. அவர்கள் கண்ணில் இது பட்டது. பெயரோ 'டெத்'. தேதியோ 1976. கேட்டால் தூக்கி வாரிப் போடுகிறது! யார் இவர்கள்? எங்கே இருக்கிறார்கள்? தட்டின் விலை நூற்றுக்கணக்கான டாலருக்கு ஏறியது. பிரதி எடுத்த பாட்டு இன்டர்நெட்டில் பரவியது.

மகன் காதில் விழுந்த குரல்

பாபியின் மகன் ஜூலியன் கலிபோர்னியாவில் இருந்தார். ஒரு விருந்தில் யாரோ பழைய பாட்டு ஒன்றைப் போட்டார்கள். கேட்ட பையன் திடுக்கிட்டார். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே!

எங்கேயோ என்ன? வீட்டில் தினமும் கேட்ட குரல்தான். அப்பாவின் குரல்!

விஷயம் வெர்மான்ட்டுக்குப் பறந்தது. பிள்ளைகள் கேட்க, பாபி ஒப்புக்கொண்டார். ஆமாம், அது நாங்கள்தான். 2008-ல் பாபியின் மூன்று மகன்கள் சேர்ந்து, அப்பா காலத்துப் பாட்டுகளை மேடையில் பாட ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு 'ரஃப் ஃபிரான்சிஸ்' என்று பெயர். அது அவர்களுடைய பெரியப்பா டேவிட் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பட்டப் பெயர்.

சிகாகோவில் 'டிராக் சிட்டி' என்று ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி இருக்கிறது. சேகரிப்பாளர்கள் மூலம் விஷயம் அவர்களுக்கு எட்டியது. பாபி பரண் ஏறினார். டேப்புகள் கெட்டுப் போகவில்லை. 2009-ல் ஏழு பாட்டுகளும் ஒரே தட்டாக வெளிவந்தன. 'உலகம் முழுவதும் காண' என்று அர்த்தம் வருகிற தலைப்பு. மொத்தம் ஓடுவது சுமார் 26 நிமிடம்தான். எக்மோரில் ஏறினால் தாம்பரம் போவதற்குள் முடிந்துவிடும். ஆனால் கேட்பவரை உட்கார விடாது. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை பெரிய கட்டுரை போட்டது. அதே டெட்ராய்டில் பிறந்து பெயர் வாங்கிய ராக் பாடகர் ஜாக் ஒயிட், இது 1975-ல் பதிவானது என்பதை நம்பவே முடியவில்லை என்று வியந்தார்.

தட்டின் மேல் குழுவின் பெயர் என்ன போட்டார்கள்? 'டெத்' என்றுதான். ஒரு எழுத்து மாறவில்லை.

இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. பாராட்டிய வாய்கள் எல்லாம் அதிகம் பேசியது டேவிட்டின் கிட்டாரைப் பற்றித்தான். அதைக் கேட்க அவர் இல்லை. பேட்டிகளில் அண்ணன் பேச்சு வந்தால் தம்பிகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மீண்டும் மேடை

2009 செப்டம்பரில் பாபியும் டேன்னிசும் 'டெத்' என்ற பெயரில் மறுபடி மேடை ஏறினார்கள். டேவிட் நின்ற இடத்தில், ரெகே குழுவில் அவர்களோடு வாசித்து வந்த பாபி டங்கன் என்பவர் கிட்டாரோடு நின்றார். முதலில் மூன்று கச்சேரிகள். அவற்றில் ஒன்று சொந்த ஊரான டெட்ராய்டில். முப்பது வருடத்துக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்ட ஊர், டிக்கெட் வாங்கி வந்து கேட்டது.

2012-ல் இவர்கள் கதை டாக்குமெண்டரி படமாக வந்தது. பரணில் மிச்சம் இருந்த டேப்புகளையும் கம்பெனி விடவில்லை. 1975-க்கு முந்தைய வீட்டுப் பதிவுகள் 2011-ல் ஒரு தட்டாகவும், வேறு சில பழைய பதிவுகள் 2014-ல் இன்னொரு தட்டாகவும் வந்தன. 2011-ல் வந்த தட்டுக்கு வைத்த பெயர் மூன்று சொற்கள்: ஆன்மா, மனம், உடல். டேவிட் அந்த நாளில் வரைந்த முக்கோணத்தில் இருந்த அதே மூன்று.